இரட்டை வீட்டின் மறுபாதி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிலருக்கு இது இரவுச் சாப்பாட்டு நேரம், சிலருக்கு விடியற்காலை.

வழமையாக இங்கே ஒரு புத்தகத்தை வைத்துப் பேசுவோம். இன்று நான் ஒரு வீட்டை வைத்துப் பேசப்போகிறேன். யேர்மனியில், பேர்லினுக்குத் தென்மேற்கே, தெசாவ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே எபர்ட்அல்லே என்ற வீதியில் 61ஆம், 63ஆம் இலக்கங்கள் சேர்ந்து ஓர் இரட்டை வீடு. இரட்டை வீடு என்றால் உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் நம்மவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் அப்படியான வீட்டைத்தான். நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடித்தால் நம் வீட்டுப் படம் ஆடும்.

இந்த வீட்டின் 63ஆம் இலக்கப் பாதி 1926 முதல் இன்றுவரை நிற்கிறது. 61ஆம் இலக்கப் பாதி 1945இல் குண்டுவீச்சில் அழிந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. 2014இல் அங்கே திரும்பவும் ஒரு பாதி எழுந்தது. ஆனால் அதைப் பார்த்தால் பழைய வீடு என்றும் சொல்ல முடியாது, புது வீடு என்றும் சொல்ல முடியாது. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல. தாதியியல் டிப்ளோமா முடித்துவிட்டு வார்டில் வேலை செய்பவள். அங்கே நான் பழகிய ஒரு விடயம், நோயாளியின் கோப்பு. எங்கள் வேலையில் கோப்புக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எழுதியதை மாற்ற வேண்டுமென்றால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டலாம். வெட்டிய எழுத்தும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெள்ளை மை பூசக்கூடாது, பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. இந்த வீட்டை நான் அப்படி ஒரு கோப்பாகத்தான் வாசிக்கிறேன்.

மாநகரசபையின் பணம், பைன்மரத் தோப்பு

கோப்பின் முதல் பக்கம் 1925. வைமார் நகரத்தில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, கைவினைப் பள்ளிக்கு அங்கிருந்த வலதுசாரி மாநில அரசு பணத்தைக் குறைத்துவிட்டது. பள்ளி இடம் தேடியது. தெசாவ் நகரபிதா ஃபிரிட்ஸ் ஹெஸ்ஸ அழைத்தார். பள்ளிக் கட்டடத்துக்கு மட்டுமன்றி, அங்கே படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு வீடு கட்டவும் நகரம் பணம் கொடுத்தது. பௌஹவுஸில் பேராசிரியர்களை ‘மாஸ்டர்’ என்று அழைப்பார்கள். அதனால் அந்த வீடுகளுக்கு மாஸ்டர்களின் வீடுகள் என்று பெயர்.

பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பைன்மரங்கள் நின்ற ஒரு தோப்பில், பள்ளியின் இயக்குநர் வால்ட்டர் குரோப்பியுஸ் வரைந்த திட்டப்படி நான்கு கட்டடங்கள் எழுந்தன. ஒன்று குரோப்பியுஸுக்கான தனிவீடு. மற்ற மூன்றும் இரட்டை வீடுகள். 1926 கோடையில் ஆட்கள் குடிவந்தார்கள். முதல் இரட்டை வீட்டில் லாஸ்லோ மொஹோலி-நாகியும் லியோனல் ஃபைனிங்கரும். அடுத்ததில் கியோர்க் முகெயும் ஒஸ்கார் ஷ்லெம்மரும். மூன்றாவதில் கன்டின்ஸ்கியும் பவுல் கிளேயும். இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் வரலாற்றை எழுதும் எவரும் தவிர்க்க முடியாத பெயர்கள் சில, ஒரே வீதியில் அடுத்தடுத்த இலக்கங்களில் இருந்தன.

குரோப்பியுஸின் எண்ணம் எளிமையானது. குழந்தைகள் விளையாடும் கட்டைப்பெட்டியைப் பெரிதாக்கினால் என்ன? ஒரே வகையான பெட்டிகளை வெவ்வேறு விதமாக அடுக்கினால் வெவ்வேறு வீடுகள் வரும், செலவும் குறையும். அதனால் இரட்டை வீட்டின் இரண்டு பாதிகளுக்கும் ஒரே திட்டம்தான். ஒரு பாதியின் திட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி, 90 பாகை திருப்பி மறுபாதியோடு ஒட்டினார். இந்தத் திருப்பம் இல்லாவிட்டால் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்திருக்கும். திருப்பியதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வீடு என்று தெரியாது. வெள்ளைப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்பதுபோல் இருக்கும்.

சுவர்கள் கசடும் சிமெந்தும் கலந்து வார்த்த கட்டைகளால் ஆனவை. கூரை தட்டை. அந்தக் காலத்து யேர்மன் கண்ணுக்குக் கூரை தட்டையாக இருப்பதே ஒரு சண்டைக்கான காரணம். வீதியைப் பார்த்த பக்கத்தில், மாடியில், ஸ்ரூடியோவின் பெரிய கண்ணாடி யன்னல். ஓவியர்கள் வடக்கு வெளிச்சத்தைத்தான் விரும்புவார்கள். நேர் வெயில் விழாது, நிழல் நாள் முழுக்க ஓடாது. குடும்பம் இருக்கும் அறைகளும் பல்கனிகளும் தோட்டத்துப் பக்கம். சுவருக்குள்ளேயே கட்டிய அலுமாரிகள். வெளியே வெள்ளையாக இருந்தாலும் பல்கனியின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் நிறம். உள்ளே நிறங்களை அவரவர் தீர்மானித்தார்கள். கன்டின்ஸ்கி தன் வீட்டுச் சுவர்மாடம் ஒன்றுக்குத் தங்கத்தாள் ஒட்டினார்.

இதெல்லாம் அந்த வீதியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி கொடுக்கவில்லை. ஷ்லெம்மர் இந்த வீடுகளை முதலில் பார்த்தபோது திடுக்கிட்டதாக மனைவிக்கு எழுதினார். வீடில்லாதவர்கள் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள், கலைஞர்கள் மாடியில் வெயில் காய்வார்கள் என்ற காட்சி அவருக்குத் தோன்றியிருக்கிறது. முதலாம் உலகப் போருக்குப் பின் யேர்மனியில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்த காலம் அது. அவரும் அந்த வீடுகளில் ஒன்றில்தான் குடியேறினார். அந்தக் கூச்சத்தையும் கோப்பில் சேர்த்துக்கொள்வோம்.

நடுச்சுவரின் இரண்டு பக்கம்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 63இல் இருந்த ஃபைனிங்கர் 1871இல் நியூயோர்க்கில் பிறந்தவர். இளம் வயதில் யேர்மனிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். பௌஹவுஸின் 1919 அறிக்கையின் முகப்பில் இருக்கும் தேவாலய மரச்செதுக்கு அவருடையது. நான் அவரை அறிந்தது தேவாலயங்களின் வழியாகத்தான். வைமாருக்குப் பக்கத்தில் கெல்மெரோடா என்ற கிராமத்தின் சின்னத் தேவாலயத்தை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். கோபுரம் பளிங்குபோல் துண்டுதுண்டாக உடைந்து வெளிச்சமாக மாறியிருக்கும். ஞாயிறு பூசைக்குப் போய் வளர்ந்த எனக்கு, கல் வெளிச்சமாகும் அந்த இடம் புரிந்தது.

61இல் இருந்த மொஹோலி-நாகி அதற்கு நேர்மாறான ஆள். ஹங்கேரியர், 1895இல் பிறந்தவர், ஃபைனிங்கரைவிட 24 வயது இளையவர். புகைப்படம், சினிமா, இயந்திரம், உருக்கு என்று பேசுபவர். ஃபைனிங்கருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடுவார்களோ என்ற கவலை அவருடைய கடிதங்களில் இருக்கிறது. இப்படி இரண்டு பேருக்கு நடுவில் நகரம் ஒரே ஒரு சுவரை வைத்தது.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். ஃபைனிங்கருக்கும் அவர் மனைவி யூலியாவுக்கும் மூன்று பிள்ளைகள், மூவரும் ஆண்கள். மூத்தவர் அந்திரேயாஸும் கடைசி மகன் லுக்ஸும் வீட்டின் நிலவறையில் படம் கழுவும் இருட்டறை வைத்தார்கள். புகைப்படத்தில் நம்பிக்கை இல்லாத தகப்பனும் 1928இல், 57 வயதில், கமெராவைக் கையில் எடுத்தார். இரவில் தோப்புக்குள் நின்று படம் எடுத்தார். அப்படி எடுத்தவற்றில் ஒன்றின் பெயர், ‘மொஹோலியின் ஸ்ரூடியோ யன்னல், இரவு 10 மணியளவில்’. இருட்டு, மரங்கள், நடுவில் பக்கத்து வீட்டுப் பெரிய யன்னலின் வெளிச்சம்.

அதே 1928இல் மொஹோலி-நாகி பௌஹவுஸை விட்டுப் பேர்லினுக்குப் போனார். அந்தப் பாதிக்கு யோசெப் அல்பர்ஸும் நெசவுக் கலைஞரான அன்னி அல்பர்ஸும் வந்தார்கள். ஃபைனிங்கர் குடும்பம் தன் பக்கத்திலேயே இருந்தது.

உறுதி யார் பெயரில்?

நம் ஊர்களில் வீடு என்றதும் முதல் கேள்வி, உறுதி யார் பெயரில்? இந்த வீட்டின் உறுதியில் ஒரு மாஸ்டரின் பெயரும் ஒருநாளும் இருந்ததில்லை. உரிமையாளர் தெசாவ் நகரம். ஃபைனிங்கரும் மொஹோலியும் கன்டின்ஸ்கியும் வாடகைக் குடியிருப்பாளர்கள். பெரிய கண்ணாடி யன்னல்களால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு கையைக் கடித்தது. அதைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் அவர்கள் முறையிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற வீட்டில் இருந்தவர்களுக்கும் கவலை நம் கவலைதான்.

உறுதி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் வீட்டின் விதியும் இருக்கிறது. தெசாவ் நகரசபையில் நாட்சிக் கட்சியின் கை ஓங்கியது. 1932 ஆகஸ்ட் 22இல் பள்ளியை மூட நகரசபை தீர்மானித்தது. வேலை போனதும் வீடும் போனது. 1933இல் அல்பர்ஸ் தம்பதியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அன்னி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூலியா ஃபைனிங்கரும் அப்படித்தான். 1937இல் நாட்சிகள் மியூனிக் நகரில் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் ஃபைனிங்கரின் படங்களையும் இழிவுபடுத்தித் தொங்கவிட்டார்கள். அந்த ஆண்டே அவர் மனைவியோடு நியூயோர்க் திரும்பினார். தான் பிறந்த நகரத்துக்கு, அகதியைப்போல.

1939இல் நகரம் இந்த வீடுகளைத் தெசாவின் பெரிய விமானத் தொழிற்சாலையான யுங்கர்ஸுக்கு விற்றது. விற்பனையோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: இந்த அந்நியமான கட்டட முறை நகரத்தின் தோற்றத்திலிருந்து மறையும்படி வீடுகளைத் திருத்திக் கட்ட வேண்டும். ஸ்ரூடியோக்களின் பெரிய யன்னல்களை அடைத்துச் சிறிய யன்னல்கள் வைத்தார்கள். ஃபைனிங்கர் ஓர் இரவில் தோப்பில் நின்று படம் எடுத்தாரே, அந்த மாதிரி ஒரு வெளிச்சம் அந்த வீதியில் திரும்ப வர வழியில்லாமல் போனது.

1945 மார்ச் 7 இரவு பிரித்தானிய விமானங்கள் தெசாவ் மீது குண்டு வீசின. நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. இந்த வீதியில் குரோப்பியுஸின் தனிவீடு நிலவறையைத் தவிர அழிந்தது. நம் இரட்டை வீட்டில் 61ஆம் இலக்கம் போனது. நடுச்சுவருக்கு மறுபக்கம் 63 நின்றது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இதைக் கண்டவர்களுக்கு இது அதிசயமில்லை. ஒரு சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கும்.

மருந்து மணந்த ஆண்டுகள்

போருக்குப் பிறகு தெசாவ் கிழக்கு யேர்மனிக்குள் வந்தது. தப்பிய பாதியில் ஒரு பொலிகிளினிக் இயங்கியது. கிழக்கு யேர்மனியில் பொலிகிளினிக் என்பது பல துறை வைத்தியர்கள் ஒரே கூரையின் கீழ், அரச ஊழியர்களாக, வெளிநோயாளரைப் பார்க்கும் இடம். அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்த தாதிமார் எத்தனையோ பேர். 1990இல் இரண்டு யேர்மனிகளும் இணைந்த பிறகு இந்த முறை பெரும்பாலும் கலைக்கப்பட்டது.

கட்டடக்கலை நூல்களில் இந்த வீட்டின் இந்தக் காலம் ஒரு வரியில் முடிந்துவிடும். ‘இடைக்காலத்தில் மருத்துவ நிலையமாகப் பயன்பட்டது’ என்பது மாதிரி. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் 63ஆம் இலக்கத்துக்குள் இரண்டு தடவை போயிருக்கிறேன். மற்றவர்கள் சுவரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேலைக்கு வந்த புதுத் தாதிபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படியால் காலில் கட்டுப்போட்ட ஒருவரை எப்படி ஏற்றியிருப்பார்கள்? நோயாளர் காத்திருக்க எந்த அறை? மருந்து கட்ட எந்த அறை? கை கழுவும் தண்ணீர் எங்கே? புண்ணைப் பார்ப்பதற்கும் தோலின் நிறத்தைப் பார்ப்பதற்கும் வடக்கு வெளிச்சம் மிக நல்லது. ஓவியருக்கு எதற்காக நல்லதோ அதே காரணம்தான். ஆனால் 1939இல் அந்த யன்னலைத்தான் சுருக்கியிருந்தார்கள்.

மாஸ்டர்கள் இந்த வீட்டில் இருந்தது ஆறேழு ஆண்டுகள். அதைவிட எவ்வளவோ அதிகமான ஆட்கள், போரில் எரிந்துபோன ஒரு நகரத்தின் சாதாரண ஆட்கள், இருமலோடும் காய்ச்சலோடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் இந்த வாசலால் வந்து போயிருக்கிறார்கள். வீடில்லாதவர்கள் ஒருநாள் வாசலில் நிற்பார்கள் என்று ஷ்லெம்மர் பயந்தார் அல்லவா? ஒருவகையில் அவர்கள் வந்தார்கள். கதவு திறந்தது.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

1992 முதல் 1994 வரை 63ஆம் இலக்கத்தைத் திருத்தினார்கள். அந்த வீதியில் முதலில் திருத்தப்பட்டது இந்தப் பாதிதான். இப்போது அது குர்ட் வைல் நிலையம். தெசாவில் 1900இல், யூத ஆலயத்தில் பாடுபவரின் மகனாகப் பிறந்த இசையமைப்பாளர் குர்ட் வைல். அவர் இந்த வீட்டில் வாழ்ந்ததில்லை. ஆனால் அவரும் 1933இல் யேர்மனியை விட்டு ஓடி, கடைசியில் நியூயோர்க்கில் இறந்தவர். ஃபைனிங்கரும் அங்கேதான் இறந்தார். அந்தப் பொருத்தம் எனக்குப் போதும். 1996இல் தெசாவிலும் வைமாரிலும் உள்ள பௌஹவுஸ் கட்டடங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

திருத்துவது என்றால் என்ன? ஒரு பழைய கட்டடத்தைத் திருத்தும்போது முதல் முடிவு, எந்த ஆண்டுக்குத் திரும்புவது என்பது. இங்கே எடுத்த முடிவு 1926. பெரிய யன்னல் திரும்பி வந்தது. பூச்சின் கீழே பழைய நிறங்களைத் தேடி எடுத்து, அதே நிறங்களைத் திரும்பப் பூசினார்கள். நாட்சிக் காலம் வேண்டுமென்றே குருடாக்கிய ஒரு வீட்டுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு மறுப்பே இல்லை. அது நியாயம்.

ஆனால் 1926க்குத் திரும்பும்போது 1939 மட்டும் கழன்று போகவில்லை; பொலிகிளினிக்கும் சேர்ந்து போனது. யன்னலை அடைத்த கையும், புண்ணுக்குக் கட்டுப்போட்ட கையும் ஒரே பெயரில், ‘பின்னாளைய மாற்றங்கள்’ என்ற பெயரில், வெளியேறின. என் தொழிலின் விதிப்படி பார்த்தால் இது வெள்ளை மை பூசியதுபோல. மருத்துவ நிலையமாகவே அதை வைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒற்றைக் கோட்டால் வெட்டியிருக்கலாம், அடியில் இருப்பது வாசிக்கத் தெரிந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

படங்கள் யாருடையவை?

இனி இல்லாமல்போன பாதி. ஒரு வீடு அழிந்துவிட்டால் அது எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? திட்டப்படங்கள் உண்டு. அதைவிட முக்கியம், புகைப்படங்கள். பௌஹவுஸ் கட்டடங்களையும் இந்த வீடுகளையும் உலகம் அறிந்தது பெரும்பாலும் ஒரே ஒருவரின் கண்ணால். அவர் 61ஆம் இலக்கத்தில் குடியிருந்த லூசியா மொஹோலி, லாஸ்லோவின் மனைவி. 1894இல் பிராகில் பிறந்தவர். தன் வீட்டின் வெள்ளைச் சுவரையும், அறையில் நின்ற உருக்குக் குழாய்க் கதிரைகளையும், பைன்மர நிழலையும் கண்ணாடி நெகட்டிவ்களில் பிடித்து வைத்தவர்.

யூதரான லூசியா 1933இல் அவசரமாக யேர்மனியை விட்டு வெளியேறினார். பாரமான 560 கண்ணாடி நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அப்போது பிரிந்திருந்த கணவரிடம் விட்டார். அவர் அவற்றைக் குரோப்பியுஸிடம் விட்டார். குரோப்பியுஸ் பின்னர் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். 1938இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் பௌஹவுஸ் கண்காட்சி நடத்தி ஒரு நூலும் வெளியிட்டது. அதில் லூசியாவின் படங்கள் அவர் பெயரில்லாமல் வந்தன. லண்டனில் வாழ்ந்த அவர் தன் படங்கள் எங்கே என்று தெரியாமல் இருந்தார். போருக்குப் பிறகுதான் தெரிந்தது. கடிதங்கள், வழக்கறிஞர், திரும்பக் கடிதங்கள். 1957இல் ஏறத்தாழ 230 நெகட்டிவ்கள் திரும்ப வந்தன. மீதி வரவில்லை.

வீட்டின் உறுதி வேறொருவரிடம். வீட்டின் நினைவும் நெடுங்காலம் வேறொருவரிடம். லூசியாவின் பெயர் இரண்டிலும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு 2014க்கு வாருங்கள்.

மங்கலான பாதி

61ஆம் இலக்கத்தை என்ன செய்வது என்று யேர்மனியில் நெடுநாள் வாதம் நடந்தது. ஒரு பக்கம், திட்டமும் படங்களும் இருக்கின்றன, அச்சொட்டாகத் திரும்பக் கட்டுங்கள் என்றது. மறுபக்கம், அச்சொட்டாகக் கட்டினால் அது பொய், போர் நடக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும், வெறுமையை வெறுமையாக விடுங்கள் என்றது. குரோப்பியுஸ் வீடு இருந்த இடத்தில் இன்னொரு சிக்கல். தப்பிய நிலவறைக்கு மேல் 1956இல் யாரோ சாய்ந்த கூரையோடு சாதாரண குடும்ப வீடு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதை வைத்திருப்பதா, இடிப்பதா? கடைசியில் இடித்தார்கள்.

தீர்வைக் கொடுத்தவர்கள் புருனோ ஃபியொரெத்தி மார்க்கெஸ் என்ற பேர்லின் கட்டடக்கலை நிறுவனத்தினர். அவர்களுடைய அடிப்படை யோசனை: நினைவு ஒருபோதும் துல்லியமாக இருப்பதில்லை. ஆகவே நினைவாகக் கட்டும் கட்டடமும் துல்லியமாக இருக்கத் தேவையில்லை. வெளி வடிவம், உயரம், அகலம், யன்னல்கள் இருந்த இடம் எல்லாம் பழைய வீட்டுக்குரியவை. ஆனால் யன்னல் சட்டங்கள் இல்லை, விளிம்புகள் இல்லை, கைபிடிகள் இல்லை. கொங்கிறீற்றில் ஒரே வார்ப்பாக வெளிறிய சுவர். யன்னல் இருந்த இடங்களில் சுவரோடு சமமாகப் பதித்த, ஊடுருவிப் பார்க்க முடியாத மங்கல் கண்ணாடி. வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. உள்ளே போனால் தளங்களும் அறைச்சுவர்களும் முழுதாக இல்லை. ஆங்காங்கே நிலத்திலிருந்து கூரைவரை ஒரே வெளி. 2014 மே 16இல் அப்போதைய யேர்மன் ஜனாதிபதி யோவாகிம் கவுக் திறந்துவைத்தார்.

வீதியில் நின்று பார்க்கும்போது இது நன்றாக விளங்கும். ஒரே சுவரின் ஒரு பக்கம் 63: யன்னல் சட்டம், கண்ணாடி, திறப்பு, எல்லாம் கூர்மையாக. மறுபக்கம் 61: அதே வீடு, ஆனால் கண்ணாடி போடாமல் பார்த்ததுபோல். சிலருக்கு இது பிடிக்கவில்லை, வெறும் மொடல் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இந்த வீதியில் மிக நேர்மையான வீடு இதுதான். எங்கள் கோப்பில் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக்கூடாது. அந்தப் பெட்டியை வெறுமையாகவும் விடக்கூடாது. ‘அறியக் கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். 61ஆம் இலக்கம் கொங்கிறீற்றில் எழுதிய ‘அறியக் கிடைக்கவில்லை’. இங்கே ஒரு பாதி இருந்தது, அது போய்விட்டது, அதன் இடத்தை அறிவோம், அதன் உள்ளே நடந்த வாழ்க்கையை அறியோம் என்கிறது.

திருத்திய 63இல் எனக்குக் குறையாகத் தெரிந்தது எதுவோ அது புதிய 61இல் இருக்கிறது. விசித்திரம்தான். பழைய கல்லில் கட்டிய பாதி ஒரே ஓர் ஆண்டை மட்டும் சொல்கிறது. புதுக் கொங்கிறீற்றில் கட்டிய பாதி 1926ஐயும் 1945ஐயும் இடையில் கடந்த வெறும் ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கும் பலரிடம் ஊரில் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிலருடையது பாதி. சிலருடையது அத்திவாரம் மட்டும். இப்போது பணம் அனுப்பலாம், கட்டலாம். அப்பா கட்டியமாதிரியே கட்டுவோம் என்று ஒரு சகோதரர் சொல்வார், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று மற்றவர் சொல்வார். ரெலிபோனில் மணிக்கணக்காக வாதம் நடக்கும். இரண்டில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாதத்தில் வராத ஒரு பக்கத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். நாம் இல்லாத ஆண்டுகளில் அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள். இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு மழைக்காலம் தங்கியிருக்கும். அவர்களுக்கு அங்கே ஒரு பிள்ளை பிறந்திருக்கலாம், ஒரு கிழவி இறந்திருக்கலாம். சுவரில் அவர்கள் அடித்த ஆணி இருக்கும். குசினியில் அவர்கள் மூட்டிய அடுப்பின் கரி இருக்கும். நாம் திரும்பிப் போனதும் முதலில் செய்வது அந்தக் கரியைச் சுரண்டுவது.

சுரண்டுங்கள், பூச்சுப் பூசுங்கள், வீடு வாழ்வதற்குத்தான். ஆனால் சுரண்டுவதற்கு முன் அயலவரிடம் கேட்டு அந்தக் குடும்பத்தின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த ஆண்டு வந்தார்கள், எந்த ஆண்டு போனார்கள், எங்கிருந்து வந்தார்கள். உறுதியில் அவர்கள் பெயர் வராது, வரத் தேவையும் இல்லை. வீட்டின் கோப்பில் வர வேண்டும். எபர்ட்அல்லே 63இல் கட்டுப்போட்ட தாதிகளின் பெயர்களை அப்படி யாராவது ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், இன்று நான் அந்தப் பெயர்களையும் உங்களுக்கு வாசித்திருப்பேன்.